யூனிஃபார்ம் ஒரு வருஷமா அப்படியே பொருந்துது, டி.எஸ்.எச். நார்மல்னு சொல்றாங்க

கொள்ளிடம்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். நீளமா இருந்தா பொறுத்துக்கங்க.

பையனுக்குப் பத்து வயசு. ஆறு வயசுல சிறுமூளையில கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா. ஆபரேஷன், அப்புறம் ஆறு வாரம் தலைக்கும் முதுகுக்கும் கரண்ட் (கதிர் சிகிச்சை), அதுக்கப்புறம் கீமோ. எல்லாம் முடிஞ்சு மூணு வருஷம் ஆகுது. போன மாசம் எடுத்த எம்.ஆர்.ஐ. வரைக்கும் சுத்தமா இருக்கு. சாமி புண்ணியம்.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி, கடைக்குப் போகலாம்னு பழைய யூனிஃபார்மைப் போட்டுப் பார்த்தோம். சட்டையும் சரி, பேன்ட்டும் சரி, போன வருஷம் எடுத்தப்ப இருந்த மாதிரியே கச்சிதமா இருக்கு. "ரெண்டாயிரம் ரூபாய் மிச்சம்"னு இவர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. மூணு வயசு சின்னவளான அவன் தங்கச்சி அவன் காது வரைக்கும் வந்துட்டா.

மூணு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போறான். மத்தியானம் கிளாஸ்ல தூங்கி விழறான்னு மிஸ் டைரியில எழுதி அனுப்பறாங்க. மே மாசத்துல ஃபேனை நிறுத்தச் சொன்னான். திருச்சி வெயில் தெரியும்ல உங்களுக்கு?

பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். தைராய்டு டெஸ்ட் எழுதினார். டி.எஸ்.எச். 2.8. "நார்மல்மா, தைராய்டெல்லாம் இல்ல. கேன்சர் வந்த பிள்ளை, மெதுவாத்தான் தேறும்"னார். ஆனா அதே பேப்பர்ல ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோனாம்) 0.7னு போட்டுப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கு. அந்த லேப் அளவு 0.9 முதல் 1.7. கேட்டதுக்கு, "டி.எஸ்.எச். சரியா இருந்தா மத்ததைப் பார்க்க வேண்டாம்"னுட்டார். அப்படித்தானா?

வேப்பம்பூ:

சகோதரி, கவலைப்படாதீங்க. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கம்பு நாலையும் உடனே நிறுத்துங்க. ராத்திரி கொத்தமல்லி விதையை ஊற வெச்சு காலையில அந்தத் தண்ணியை வெறும் வயித்துல கொடுங்க. எங்க அண்ணிக்கு மூணு மாசத்துல தைராய்டு இறங்கிடுச்சு.

சோதனைக்குழாய்:

வேப்பம்பூ, அண்ணி கதை வேறு, இந்தப் பையன் கதை வேறு. முட்டைக்கோஸ் வம்பெல்லாம் அயோடின் பற்றாக்குறை உள்ள ஊருக்கு, அதுவும் பச்சையாகக் கூடை கூடையாகத் தின்றால். 2006 முதல் கடையில் வாங்குகிற சாப்பாட்டு உப்பிலேயே அயோடின் இருக்கிறது. பையன் கூட்டு சாப்பிடட்டும்.

கொள்ளிடம் அக்கா, நான் லேபில் 19 வருடமாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் நோய் பேர் சொல்ல மாட்டேன். மூன்று கேள்வி மட்டும். ரத்தம் கொடுத்த வாரத்தில் பையனுக்குக் காய்ச்சல், சளி ஏதாவது இருந்ததா? முடி வளர என்று பயோட்டின் மாத்திரை கொடுக்கிறீர்களா? (சில மெஷின்களில் பயோட்டின் கணக்கையே புரட்டிவிடும்: டி.எஸ்.எச். குறைவாகக் காட்டும், டி4 கூடுதலாகக் காட்டும். உங்கள் பையனுக்கு டி4 குறைவு, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.) வலிப்பு மாத்திரை எதுவும் ஓடுகிறதா?

ஒன்று மட்டும் என்னால் சொல்ல முடியும். நட்சத்திரத்தை மெஷின் அழகுக்குப் போடவில்லை.

கொள்ளிடம்:

காய்ச்சல் இல்லை தம்பி. பயோட்டின் இல்லை. வலிப்பு மாத்திரை ஆபரேஷன் முடிஞ்ச முதல் வருஷம் மட்டும் கொடுத்தோம், இப்போ இல்லை.

இரவுப்பணி:

குழந்தைகளுக்கான ஹார்மோன் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம்: இல்லை, உங்கள் பையனுக்கு டி.எஸ்.எச். மட்டும் போதாது.

கட்டட வேலை நடக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு கொத்தனார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி மேஸ்திரி. டி.எஸ்.எச். என்பது மேஸ்திரி போடும் சத்தம். கொத்தனார் சோர்ந்தால் மேஸ்திரி கத்துவார், டி.எஸ்.எச். ஏறும். பெரியவர்களுக்கு ஊரெல்லாம் வரும் தைராய்டு இந்த வகைதான். அதனால்தான் எல்லாரும் முதலில் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள், அது தப்பும் இல்லை.

தலைக்குக் கரண்ட் வைத்த பிள்ளைக்கு மேஸ்திரிக்கே தொண்டை கட்டியிருக்கலாம். கொத்தனார் சும்மா உட்கார்ந்திருப்பார், மேலே இருந்து சத்தமே வராது. அல்லது வழக்கமான சத்தம் வரும், அதில் வலு இருக்காது. பேப்பரில் டி.எஸ்.எச். நார்மல், ஃப்ரீ டி4 குறைவு. உங்கள் பேப்பர் இந்த மாதிரிதான் இருக்கிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பையனுக்கு முதுகுத்தண்டுக்கும் கரண்ட் வைத்திருக்கிறார்கள். வழக்கமான எக்ஸ்ரே வகைக் கதிர் முதுகில் நுழைந்து முன்பக்கமாக வெளியேறும். போகிற வழியில் கழுத்தில் இருக்கிற தைராய்டையும் தொட்டுவிட்டுத்தான் போகும். ஆக கொத்தனாருக்கும் அடி பட்டிருக்கலாம். ஒரு பக்கம் டி.எஸ்.எச். ஏற வேண்டும், இன்னொரு பக்கம் ஏற முடியவில்லை, இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரு 'நல்ல' எண் வந்து உட்கார்ந்துவிடும். எனக்குப் பயமே இப்படிப்பட்ட நல்ல எண்கள்தான்.

யூனிஃபார்ம் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. முதுகுக்குக் கரண்ட் வைத்த பிள்ளைகளுக்கு முதுகெலும்பு குறைவாக வளரும், கால் வளரும். சட்டை அப்படியே இருக்கும், பேன்ட் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறும். உங்கள் பையனுக்குப் பேன்ட்டும் நின்றுவிட்டது. அப்படியென்றால் எலும்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தைராய்டை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பிட்யூட்டரியின் வேலைகளில் கரண்டுக்கு முதலில் பலியாவது வளர்ச்சி ஹார்மோன்தான், 18 கிரே (கிரே என்பது கரண்டை அளக்கும் அலகு) போனாலே அதற்குச் சந்தேகம் வரும். டி.எஸ்.எச்., கார்டிசால் (நோய், அதிர்ச்சியை உடம்பு தாங்க உதவும் ஹார்மோன்) பக்கம் அடிபடுவது பொதுவாக 30 கிரேவுக்கு மேல். எத்தனை கிரே என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை வாங்கி ஆரம்பித்துவிடாதீர்கள். பிட்யூட்டரி அடிபட்ட பிள்ளைக்குக் கார்டிசாலும் குறைவாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைராக்சின் கொடுத்தால், உடம்பு இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். வாந்தி, பி.பி. இறக்கம், மயக்கம் என்று அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்க வேண்டிவரும். முதலில் காலை எட்டு மணிக் கார்டிசால், பிறகுதான் மற்றது. கரண்ட் வைத்த மருத்துவமனையிலேயே ஹார்மோன் பிரிவுக்கு எழுதி வாங்குங்கள்.

கொள்ளிடம்:

டாக்டர், கை நடுங்குது. சம்மரி எடுத்தேன். "23.4 கிரே, 13 தடவை, தலை முதல் முதுகெலும்பு அடி வரை. பூஸ்ட் (கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதல்) சேர்த்து மொத்தம் 54 கிரே, 30 தடவை"ன்னு இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டாச்சு.

ஒண்ணு கேட்கணும். அப்போ புரோட்டான்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க. எங்களால பணம் புரட்ட முடியலை. அது வெச்சிருந்தா இது வந்திருக்காதோ?

இரவுப்பணி:

புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும், முன்பக்கமாக வெளியே வராது. அதனால் கழுத்துத் தைராய்டுக்கு நல்லது, உண்மை. ஆனால் இந்த வகைக் கட்டிக்கு மூளை முழுக்கக் கதிர் போய்த்தான் ஆக வேண்டும், எந்த மெஷினாக இருந்தாலும். பிட்யூட்டரி மூளையின் அடியில்தானே இருக்கிறது? உங்கள் பையனின் பேப்பரில் தெரிவது பிட்யூட்டரிப் பக்கத்துக் கோளாறு. தென்னாசியாவின் முதல் புரோட்டான் மையம் சென்னை தரமணியில் தொடங்கியதே 2019இல்தான். பணத்தை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். 23.4 கிரே என்பது கவனமாகக் குறைக்கப்பட்ட அளவு. அதிக ஆபத்துள்ள பிள்ளைகளுக்குத் தலைக்கும் முதுகுக்கும் 36 வரை போகும்.

நெய்தல்_கடலூர்:

இதைப் படிச்சதும் எனக்குப் பழசு ஞாபகம் வந்துடுச்சு. என் பொண்ணுக்கு பிளட் கேன்சர். முதல் மாச கீமோவுல, அஸ்பாரஜினேஸ் ஊசி போயிட்டிருந்தப்ப, யாரோ டியூட்டி டாக்டர் தைராய்டும் சேர்த்து எழுதிட்டார். தைராய்டு ஹார்மோன் ரெண்டும் குறைவு: டி3 தரையில, டி4 பாதி. நான் அழுது தீர்த்துட்டேன், இதுவும் சேர்ந்துடுச்சான்னு. பெரிய டாக்டர் வந்து பேப்பரை மடிச்சு ஃபைல்ல வெச்சுட்டு, "இதுக்கு மருந்து கிடையாதும்மா, ட்ரீட்மென்ட் முடியட்டும்"னார். அலட்சியமா சொல்றாருன்னு அன்னைக்கு அவர் மேல கோபம். மெயின்டனன்ஸ் (லேசான மருந்து ஓடற கடைசிக் கட்டம்) வந்தப்ப எடுத்தோம், எல்லாம் தானா சரியா இருந்துச்சு. அப்போ அந்த டி4 குறைவு பொய், இந்தப் பையனோடது நிஜம், இது எப்படி?

இரவுப்பணி:

பொய் இல்லை, அர்த்தம் வேறு. ரத்தத்தில் டி4 பெரும்பாலும் ஒரு புரதத்தின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்யும். அஸ்பாரஜினேஸ் கல்லீரலில் அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. வண்டி குறைந்தால் வண்டியில் இருக்கிற ஆட்களும் குறைவாகத்தான் தெரிவார்கள், அதனால் மொத்த டி4 விழும். இறங்கி நடக்கிறவர்கள், அதாவது ஃப்ரீ டி4, பெரும்பாலும் சரியாக இருப்பார்கள். கூடவே டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன் மாதிரி ஸ்டீராய்டு ஓடினால் அது டி.எஸ்.எச்.-ஐ அடக்கும், டி4 டி3-ஆக மாறுவதையும் குறைக்கும். இது போதாதென்று, பெரிய நோயில் படுத்திருக்கிற எந்த உடம்பும் டி3-ஐத் தானாகவே தாழ்த்திக்கொள்ளும். கரன்ட் கட் நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டில் ஏ.சி.யை அணைத்து வைப்பதுபோல. அதைப் போய் மாத்திரை கொடுத்துத் தூக்கினால் பிள்ளைக்கு லாபம் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் டாக்டர் செய்தது சரி. இரண்டு வாக்கியம் விளக்கிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கொள்ளிடம் பையன் நோயில் படுத்திருக்கவில்லை, கீமோ முடிந்து வருடங்கள் ஆகின்றன, குறைந்திருப்பது ஃப்ரீ டி4. அதனால் இரண்டும் ஒன்றில்லை.

வல்லை:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். மகளுக்குப் பதினொரு வயசில ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில வாற புற்றுநோய். கொழும்புக்குப் பக்கத்தில மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் சிகிச்சை, கீமோவும் பிறகு கழுத்துக்குக் கதிரும். இப்ப பதினாலு வயசு, நல்லா இருக்கிறா, நெற்போல் விளையாடுறா. போன கிளினிக்கில டி.எஸ்.எச். 8.6 எண்டு கூடுதலா வந்தது. ஃப்ரீ டி4 சரியாத்தான் இருக்கு. ஒரு டொக்டர் குளிசையைத் தொடங்கச் சொல்லுறார், மற்றவர் மூண்டு மாசம் பொறுத்துப் பாப்பம் எண்டுறார். ரெண்டு பேரும் நல்ல ஆக்கள். நான் ஆற்றை பேச்சைக் கேக்கிறது?

சோதனைக்குழாய்:

அண்ணா, முதலில் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். டி.எஸ்.எச். ஒரே எண்ணில் நிற்கிற சாமான் இல்லை, ராத்திரியில் ஏறும், மத்தியானம் இறங்கும். போன தடவை காலையில் எடுத்திருந்தால் இந்தத் தடவையும் காலையில், அதே லேபில். ஒரே ஒரு 8.6-ஐ வைத்து ஆயுசுக்கும் மாத்திரை என்று முடிவு செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஹாட்ஜ்கின்_2004:

தம்பி சொல்றது பொதுவா சரி, ஆனா இந்த இடத்துல நான் மாறுபடறேன். கழுத்துக்குக் கரண்ட் வெச்சவங்களுக்கு 8.6 சும்மா வந்துட்டுப் போற எண் இல்லை. தைராய்டு குறைவை நோக்கிப் போற பாதை அது.

என் கதை. 2004ல, பன்னிரண்டு வயசுல எனக்கு ஹாட்ஜ்கின். கழுத்து, நெஞ்சு ரெண்டுக்கும் கரண்ட். அஞ்சு வருஷம் ஒண்ணும் இல்லை. பிளஸ் டூ படிக்கறப்ப திடீர்னு தூக்கம், முடி கொட்டல், மாதவிலக்கு தாறுமாறு. பரீட்சை டென்ஷன்னு வீட்ல சொல்லிட்டாங்க. டி.எஸ்.எச். பார்த்தப்ப 60க்கு மேல. அந்த வருஷம் நான் எடுத்த மார்க்கை நினைச்சா இப்பவும் எரிச்சலா வரும்.

அப்புறமா உட்கார்ந்து தேடிப் படிச்சேன். 2000ல வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, சின்ன வயசுல ஹாட்ஜ்கின் வந்து பிழைச்ச 1791 பேரைப் பார்த்தது. தைராய்டுக்கு 35 கிரேவுக்குக் கீழே போனவங்கள்ல 20 வருஷத்துல அஞ்சுல ஒருத்தருக்குத் தைராய்டு குறைவு. 35லேர்ந்து 45க்குள்ள 30 சதவீதம். 45க்கு மேல போனா பாதிப் பேர். அது பழைய காலத்து அளவுகள். இப்போ பிள்ளைங்களுக்குக் கரண்ட் குறைச்சலாத்தான் வைக்கறாங்க, சிலருக்கு வைக்கறதே இல்லை. உங்க மகளுக்கு எத்தனை கிரேன்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க அண்ணா. எனக்கு அது தெரியாது. சிகிச்சை எடுத்த இடத்துல (பேர் வேண்டாம்) பழைய ஃபைல் எல்லாம் ஒழிச்சுட்டாங்களாம். "முப்பதுக்கு மேலே இருக்கும்"னு ஒரு டாக்டர் குத்துமதிப்பா சொன்னார். குத்துமதிப்பை வெச்சுக்கிட்டுத்தான் வாழ்ந்துட்டிருக்கேன்.

இரவுப்பணி:

வல்லை ஐயா, உங்கள் இரண்டு மருத்துவர்களும் தப்பில்லை. எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. பொறுக்கலாம் என்பவர்களின் வாதம் சோதனைக்குழாய் சொன்னதுதான். கொடுத்துவிடலாம் என்பவர்களின் வாதம் வேறு: டி.எஸ்.எச். என்பது சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன் மட்டுமில்லை, அதன் செல்களை வளரவும் தூண்டும். கதிர் பட்டுக் காயப்பட்ட செல்கள் இருக்கிற இடத்தில் அந்தத் தூண்டுதல் வருடக்கணக்கில் ஓட வேண்டாமே என்பது. மறுபடி எடுத்தும் அதே அளவிலோ, கூடியோ இருந்தால் நான் கொடுக்கிற பக்கம்தான் சாய்வேன். பதினாலு வயது, உயரமும் பூப்பும் நடக்கிற காலம்.

ஹாட்ஜ்கின்_2004:

டாக்டர் அந்தச் செல் விஷயத்தைத் தொட்டதால சொல்றேன். 2019ல சங்கிலி மாட்டறப்ப விரல்ல ஒரு உருண்டை தட்டுப்பட்டுச்சு. ஸ்கேன், அப்புறம் ஊசி வெச்சு எடுத்துப் பார்த்தாங்க. ரிப்போர்ட் வர ஆறு நாள். அந்த ஆறு நாளைப் பத்தி எழுத மாட்டேன். சாதாரண முடிச்சுதான். இப்போ வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கறேன். வல்லை அண்ணா, உங்க மகளுக்கும் எடுங்க.

சோதனைக்குழாய்:

அக்கா, இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. எல்லாருக்கும் வருடா வருடம் ஸ்கேன் என்றால் ஒன்றுமில்லாத சின்னச் சின்ன முடிச்செல்லாம் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஊசி, ஒவ்வொன்றுக்கும் ஆறு நாள். நீங்களே அனுபவித்தீர்களே?

ஹாட்ஜ்கின்_2004:

அனுபவிச்சேன். ஆனா தெரியாம இருக்கறதுக்கு அந்த ஆறு நாள் தேவலை.

இரவுப்பணி:

2018இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து இதே கேள்விக்கு உட்கார்ந்தார்கள். கையால் தடவிப் பார்ப்பதா, ஸ்கேனா என்று ஒன்றை அடித்துச் சொல்லவில்லை. இரண்டின் நல்லது கெட்டதையும் பிழைத்தவரிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள் என்றார்கள். நீங்கள் இரண்டு பேரும் நாலு வரியில் அதைச் செய்துவிட்டீர்கள்.

ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். தைராய்டு குறைவு கரண்ட் அளவு கூடக் கூட அதிகமாகும். தைராய்டு புற்றுநோய் அப்படி இல்லை. 20 கிரே தாண்டுகிற வரை ஆபத்து ஏறும், 30 வாக்கில் நின்று, அதற்கு மேல் இறங்கும். அந்த அளவில் செல்களே செத்துவிடுகின்றன, புற்றாக மாற ஆள் மிச்சமில்லை. மறுபக்கம், மிகக் குறைந்த அளவும் சும்மா விடாது. இஸ்ரேலில் அந்தக் காலத்தில் தலைப்படைக்காக (தலைத் தோலில் வரும் பூஞ்சைத் தொற்று) ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தலைக்கு எக்ஸ்ரே வைத்தார்கள். கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு கிரேயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிற்காலத்தில் அவர்களிடம் தைராய்டு புற்றுநோய் கூடுதலாக வந்தது. சின்ன வயதில், அதிலும் பெண் குழந்தைகளுக்கு, ஆபத்து அதிகம். இதில் ஆறுதல் என்னவென்றால், வந்தாலும் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய வகை.

தறிச்சத்தம்:

ஈரோட்டுப் பக்கம். என் பையனுக்கு நியூரோபிளாஸ்டோமா (நரம்பு செல்லுல வர்ற புற்றுக்கட்டி), இப்போ அஞ்சு வயசு. எம்.ஐ.பி.ஜி. சிகிச்சை கொடுத்தாங்க, அயோடின்-131ங்கற கதிர் வீசற அயோடினை ஏத்தின மருந்து. கொடுக்கறதுக்கு முந்தியே ஆரம்பிச்சு அப்புறமும் நாள் கணக்கா அயோடின் சொட்டு மருந்து ஊத்தினோம். ஜூஸ்ல கலந்தாலும் துப்புவான், அப்படி ஒரு ருசி. எதுக்குன்னு கேட்டப்ப நர்ஸம்மா சொன்னது: "தைராய்டு பசியா இருந்தா வர்ற கதிர் அயோடினை வாரி முழுங்கும். முன்னாடியே நல்ல அயோடினைக் கொடுத்து வயித்தை நிரப்பிடறோம்." எனக்கு அது போதும், புரிஞ்சது. ஆனா அவ்வளவு ஊத்தியும் ஒன்றரை வருஷத்துல டி.எஸ்.எச். ஏறிடுச்சு. சொட்டு சரியா கொடுக்கலையோன்னு வீட்ல எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு.

இரவுப்பணி:

சண்டை வேண்டாம். சரியாகக் கொடுத்த பிள்ளைகளிலும் கணிசமான பேருக்கு வருகிறது. அந்தக் காப்பு முழுக் காப்பு இல்லை. அதனால்தான் சில இடங்களில் சொட்டு மருந்தோடு வேறு மருந்துகளும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள்.

சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று: சி.டி. ஸ்கேனுக்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்திலும் அயோடின் நிறைய. மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதைப் போட்டால் மூன்று வாரத்துக்குள் தைராய்டு பார்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. பெரும்பாலும் தற்காலிகமானதுதான், ஆனால் மூளை வளர்கிற வயது என்பதால் பார்த்துவிடுவது நல்லது.

மருந்துக்கடை_மேசை:

மாத்திரை ஆரம்பிக்கப் போறவங்களுக்கு, கடையில நின்னு பார்த்ததைச் சொல்றேன். எல்ட்ராக்ஸின், தைரோனார்ம் எதுவானாலும் டாக்டர் எழுதின பிராண்டை அடிக்கடி மாத்தாதீங்க, மாத்தினா ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்துக்கங்க. காலையில வெறும் வயித்துல தண்ணியோட கொடுத்துட்டு, குறைஞ்சது அரைமணி நேரம் பால், ஹார்லிக்ஸ் எதுவும் வேண்டாம். நம்ம பிள்ளைங்களுக்குக் கால்சியமும் இரும்புச் சத்து டானிக்கும் கூடவே ஓடும். ரெண்டையும் நாலு மணி நேரம் தள்ளி வைக்கணும். எல்லா மாத்திரையையும் ஒரே கிண்ணத்துல போட்டு ஒரே வாய்ல முழுங்க வைக்கறாங்க, அப்புறம் "டோஸ் ஏத்திட்டே போறாரு டாக்டர்"னு புலம்பறாங்க. டப்பாவை அடுப்பு மேடை மேலயும் ஜன்னல்லயும் வைக்காதீங்க.

கொள்ளிடம்:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லலைன்னா தப்பு.

வெள்ளிக்கிழமை ஹார்மோன் டாக்டர் பார்த்தார். உட்கார வெச்சு ஒரு உயரம், நிக்க வெச்சு ஒரு உயரம் எடுத்தாங்க, பழைய ஃபைல்ல இருந்த உயரத்தையெல்லாம் கோட்டுப் படத்துல புள்ளி வெச்சார். கடைசி ஒன்றரை வருஷப் புள்ளியெல்லாம் படுத்துக் கிடக்கு. காலையில எட்டு மணி ரத்தம்: ஃப்ரீ டி4 மறுபடி 0.7, கார்டிசால் 3.1, அதுவும் குறைவு. அதைப் பார்த்ததும் அவர் முதல்ல கேட்டது, "வீட்ல தைராய்டு மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சீங்களா?" இல்லைன்னு சொன்னப்ப மூச்சு விட்டார். மேற்கொண்டு ஒரு ஊசி போட்டு அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணினாங்க. இரவுப்பணி டாக்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை.

ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலுக்குப் பதிலா கொடுக்கற மாத்திரை) முதல்ல, அதுக்கு ஒரு வாரம் கழிச்சு தைராக்சின். காய்ச்சல் வந்தா ஹைட்ரோகார்டிசோனைக் கூட்டிக் கொடுக்கணும், வாந்தி எடுத்து மாத்திரை நிக்கலைன்னா உடனே ஊசிக்கு ஓடணும்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்து ஸ்கூல் பையில ஒண்ணு, மிஸ்கிட்ட ஒண்ணு, இவர் பர்ஸ்ல ஒண்ணு. வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் அடுத்த மாசம்.

ரெண்டு வாரத்துல வயித்துப் பிரச்சினை சரியாயிடுச்சு. தூக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தங்கச்சியோட சண்டை கூடியிருக்கு.

நெய்தல்_கடலூர்:

சண்டை கூடினா நல்ல சேதிதான் அக்கா!

மரப்பாச்சி:

கொள்ளிடம், உங்க பையன் மாதிரிதான் என் பையனும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. மாத்திரை ஆரம்பிச்ச பிறகு டி.எஸ்.எச். 0.05னு வந்துச்சு. ஊர்ல ஒரு டாக்டர், "டோஸ் அதிகமாயிடுச்சு"ன்னு பாதியாக்கிட்டார். நாலு மாசம் பிள்ளை மறுபடி சுருண்டுட்டான். அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்த வகைக்கு டி.எஸ்.எச். பார்க்கவே கூடாதாம், ஃப்ரீ டி4 மேல்பாதியில இருக்கான்னுதான் பார்க்கணுமாம். இப்போ சீட்டு மேலேயே சிவப்பு மையில எழுதி வெச்சிருக்கேன்.

இரவுப்பணி:

சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்றையும் சிவப்பு மையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பித்தால் ஃப்ரீ டி4 இன்னும் கொஞ்சம் இறங்கலாம். ஆரம்பித்து ஆறு எட்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கார்டிசால் பக்கத்தையும் சேர்த்து.

வல்லை:

மகளுக்கு மறுபடி எடுத்தது, 10.2. குளிசை தொடங்கியாச்சு. கதிர் எவ்வளவு எண்டும் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறன், 21 கிரே. ஹாட்ஜ்கின் தங்கச்சி சொன்னதாலதான் கேட்டனான். ஸ்கான் எடுக்கிறதோ எண்டு மகளிட்டயே கேட்டம். "வருசத்துக்கு ஒருக்கா டொக்டர் தடவிப் பாக்கட்டும், இருபது வயசில யோசிப்பம்" எண்டுட்டா.

தறிச்சத்தம்:

மருந்துக்கடை சார், ஒரு சந்தேகம். பையனுக்கு முழுங்கத் தெரியாது. காலையில தறிக்குப் போற அவசரத்துல நசுக்க நேரம் இல்லை. ராத்திரியே தண்ணியில கரைச்சு மூடி வெச்சுட்டா காலையில பாட்டி கொடுத்துடுவாங்க. செய்யலாமா?

மருந்துக்கடை_மேசை:

வேண்டாம் சார். கரைச்சு வெச்சா வீரியம் போயிடும், அடியில தங்கிடும். பாட்டிக்கே ரெண்டு ஸ்பூன் கொடுங்க. ஒண்ணுல மாத்திரை, ஒண்ணால அழுத்தினா தூளாயிடும். அஞ்சு மில்லி தண்ணி, அப்பவே வாய்ல. ஸ்பூன்ல ஒட்டினதையும் இன்னொரு சொட்டுத் தண்ணி விட்டு அலசிக் கொடுத்துடச் சொல்லுங்க.